பிராட்வே: பெயரும் இடமும் – வாசகர் கேள்வி பதில்

பிராட்வே என்றால் என்ன அர்த்தம்? (திருச்சி வாசகர்)

அகலமான தெரு. நியூயார்க்கில் மன்ஹாட்டன் பூர்வகுடிகள் நடந்து நடந்து உண்டான தடத்தின் மேல் போட்ட சாலை அது. 1664இல் ஊர் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய பிறகே இந்தப் பெயர் நிலைத்தது. இன்று நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளையும் பிராட்வே என்கிறோமே, அந்த நாடகம் அதோடு ஒட்டிக்கொண்டது மிகவும் பின்னால். ஊர் வடக்கே வளர வளர அரங்குகளும் வடக்கே நகர்ந்தன. 1904இல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கி, டைம்ஸ் சதுக்கத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. அரங்குகள் அதைச் சுற்றியே தங்கிவிட்டன.

பிராட்வேயின் ‘பெரிய வெள்ளை வழி’ என்ற பட்டப்பெயர் நிறவெறியா? (மதுரை)

இல்லை, மின்விளக்கால் வந்த பெயர். 1880இலேயே அந்தச் சாலையில் ஆர்க் எனப்படும் மின்விளக்குகள் எரிந்தன. ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயமானது. கறுப்பினக் கலைஞர்களே எழுதி நடித்த ‘ஷஃபிள் அலாங்’ இசை நாடகம் 1921இல் மேடையேறியது 63ஆம் தெருவில், அரங்கு வட்டாரத்துக்கு வெகு வடக்கே. ஒளி யார் மேல் விழுந்தது என்று கேட்கத்தான் வேண்டும்.

ஆஃப் பிராட்வே என்றால் பக்கத்துத் தெருவா?

இல்லை, அரங்கின் இருக்கைக் கணக்கு. மன்ஹாட்டனில் 500 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிராட்வே. 100 முதல் 499 வரை ஆஃப் பிராட்வே. டிக்கெட் எடுக்கும் முன் முகவரியைப் பாருங்கள்.

நம்ம சென்னை பிராட்வே?

ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் பெயரோடு சேர்ந்த பழைய சாலை, இன்று பிரகாசம் சாலை. நியூயார்க் அரங்குகளோடு சம்பந்தமில்லை.

பிராட்வே என்ற சொல்லின் பொருள்? (சேலம்)

முதல் பதிலைப் படியுங்கள்.

தெருவிலேயே இல்லாத அரங்கைப் பிராட்வே என்பது ஏமாற்று வேலை இல்லையா? (கோவை)

இல்லவே இல்லை. 41 அரங்குகளில் அந்தச் சாலையிலேயே இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவை ஏறக்குறைய எல்லாமே 41ஆம் தெரு முதல் 54ஆம் தெரு வரை குறுக்குத் தெருக்களில்தான். 1988 முதல் 2023 வரை 13,981 காட்சிகள் ஓடிய ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஓப்ரா’ நடந்த மெஜஸ்டிக் இருப்பது 44ஆம் தெருவில்! ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2004இல் நடந்த பிராட்வே தியேட்டரோ நிஜமாகவே அந்தச் சாலையில் நிற்கிறது. அதற்காக மெஜஸ்டிக்கைத் தள்ளிவிடுவீர்களா?

அப்படியானால் லிங்கன் சென்டர்? (அதே கோவை வாசகர்)

அந்தக் கலை வளாகத்தில் 65ஆம் தெருப் பக்கம் உள்ள விவியன் போமான்ட் அரங்கும் பிராட்வேதான். வட்டாரத்துக்கே வெளியே இருந்தும் 41இல் ஒன்று. மறுபடியும் சொல்கிறேன்: முகவரியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.