புரொய்லர் குஞ்சுக்குக் கால் தளர்ந்தால்

சுன்னாகம்: அண்ணை, 15 நாள் குஞ்சுகள் எழும்பாமல் குந்திக்கொண்டே இருக்குதுகள். கல்சியம் கூட என்று முட்டைக்கோழித் தீன்தான் போடுகிறேன். பிறகும் ஏன்?

தம்பி, முதலில் அந்தத் தீனை நிற்பாட்டுங்கோ. அதில் கல்சியம் ஏறக்குறைய 4 சதவீதம். உங்கள் குஞ்சுக்கு 1 சதவீதமளவு காணும். மிஞ்சுகிற கல்சியம் குடலில் பொஸ்பரசைப் பிடித்துக்கொள்ளும், சிறுநீரகத்தையும் பழுதாக்கும். எலும்புக்கு இரண்டும் சேர்ந்து போகவேண்டும்: கல்சியம் 2 பங்கு, உறிஞ்சக்கூடிய பொஸ்பரஸ் 1 பங்கு. ஐந்து கிழமையில் 2 கிலோ வருகிற உடம்பைத் தாங்கும் எலும்பு முதல் இரண்டு கிழமையில்தான் உரம் பிடிக்கிறது. அந்த நாட்களில் கொடுக்கிற ஸ்ராட்டர் தீனில் (குஞ்சுத் தீனில்) மிச்சம் பிடிக்கக்கூடாது. செத்த குஞ்சு கிடந்தால் கால் எலும்பை வளைத்துப் பாருங்கோ. நல்ல எலும்பு டக்கென்று முறியும். றப்பர் மாதிரி வளைந்து, சொண்டும் மெத்தென்று இருந்தால் றிக்கற்ஸ் (எலும்பு மெலிந்து வளைகிற நோய்) என்றுதான் முதலில் சந்தேகப்படவேண்டும். மிருக வைத்தியரிடம் காட்டுங்கோ.

கொடிகாமம்: தீன் விலை தாங்கமுடியவில்லை. அரைவாசிக்குத் தவிடு கலக்கலாமா?

வேண்டாம் அக்கா. தவிட்டில் பொஸ்பரஸ் நிறைய உண்டு, ஆனால் பெரும்பகுதி பைற்றேற்றாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கிற நொதியம் கோழிக்குப் போதாது; தீனில் பைற்றேஸ் சேர்ப்பது அதற்குத்தான். அரைவாசி தவிடென்றால் தீனில் சேர்த்திருக்கிற விற்றமின், கனியுப்பு எல்லாம் அரைவாசியாகிவிடும். ஊர்க்கோழி வளவெல்லாம் கிளறித் தின்னும். புரொய்லர் பாவம், தொட்டியில் கிடப்பதைத்தானே தின்கிறது!

நீர்வேலி: எங்கள் கிணறு சுண்ணாம்புத் தண்ணீர். கல்சியத்துக்கு அது காணாதா?

காணாது. கேத்தலில் வெள்ளையாகப் படிகிற தண்ணீரில்கூட லீற்றருக்கு நூறு மில்லிகிராமளவுதான் இருக்கும். ஒரு கிலோ தீனில் 9, 10 கிராம்.

குருநகர்: குஞ்சு உசாராக நிற்கிறது, ஆனால் கணு வீங்கி ஒரு கால் வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. கல்சியம் ஊற்றியும் மாறவில்லை.

மாறாது. மங்கனீசு, கோலின் குறைந்தால் கணுவில் தசைநாண் இப்படி விலகும். கல்சியத்தைக் கூட்டினால் மங்கனீசு இன்னும் குறைவாகவே உடம்பில் சேரும். திரும்பிய கால் இனி நேராகாது. மற்றக் குஞ்சுகளுக்குத் தீனை மாற்றுங்கோ.

அச்சுவேலி: நல்ல தீன்தான் வாங்கினேன். மாரிக்குப் பிறகு கால் தளர்ச்சி வந்தது.

மூட்டையைச் சீமெந்து நிலத்தில் அடுக்கினீர்களா? ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்தால், அதன் நஞ்சு, கல்சியம் உடம்பில் சேர உதவுகிற விற்றமின் டி சேர்வதைக் கெடுக்கும். பழசான தீனில் விற்றமினும் குறைந்துகொண்டே போகும். பலகையில் அடுக்குங்கோ, சுவரில் முட்டவிடாதீர்கள். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்கும் வைக்கவேண்டாம், நஞ்சு பாலில் வரும்.