சூழலியல் பட்டப்படிப்பில் ‘கோ-ஆப்’ என்றால் என்ன? எப்படித் திட்டமிடுவது?

கோ-ஆப் என்பது வகுப்பும் சம்பள வேலையும் மாறி மாறி வரும் ஏற்பாடு. கூட்டுறவுச் சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கியது.

ஏன் இப்படி? சமையல் குறிப்பைப் படித்துச் சமைத்து, ஒருமுறை தீய்த்துவிட்டு, மறுபடி அதே குறிப்பைப் படித்துப் பாருங்கள். ‘மிதமான தீ’ என்ற சொல் அப்போதுதான் கண்ணில் படும். களத்துக்குப் போய்த் திரும்பியவருக்குப் புள்ளியியல் வகுப்பும் அப்படித்தான்.

சூழலியலில் சிக்கலே பருவம்தான். குளிர்நாடுகளில் பறவைக் கணக்கெடுப்பு, செடிகளை இனங்காண்பது போன்ற களவேலைகள் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரை. பனிக்காலத்தில் வேலை உள்ளே நகர்ந்துவிடும்: ஓடையில் பிடித்து ஆல்கஹாலில் ஊறவைத்த பூச்சிகளை நுண்ணோக்கியில் பார்த்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரிப்பது, வரைபடம் தயாரிப்பது. இதுவும் தேவையான பயிற்சிதான். ஆனாலும் ஒரு வேலைத் தவணையாவது கோடையில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சில பாடங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அந்த நேரத்தில் நீங்கள் வேலையில் இருந்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் நாலைந்து வருடத்தையும் ஒரே தாளில் கட்டம் போட்டு, இந்தப் பாடங்களை முதலில் நிரப்புங்கள். புள்ளியியலை முதல் வேலைக்கு முன்பே முடித்தால் நல்லது.

கோ-ஆப்பில் சேர்ந்தாலே பல்கலைக்கழகம் வேலையைக் கையில் கொடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; பொதுவாகப் பல்கலைக்கழகம் வாய்ப்புகளைக் காட்டும், விண்ணப்பமும் நேர்காணலும் உங்கள் பொறுப்பு.