900 மீட்டருக்கு எந்த ஸ்கோப்? கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் டர்ரெட்டைப் பாருங்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். .308 ரைஃபிளில் எஃப்-டிஆர் பிரிவில் (பைபாட் என்ற இருகால் தாங்கியில் ரைஃபிளை வைத்துச் சுடும் போட்டி) சுடுகிறேன். இதுவரை 300 மீட்டர்தான். அடுத்து புளூம்ஃபொன்டெய்ன் ஜெனரல் டி வெட் தளத்தில் 900 மீட்டர் சுட ஆசை. நைட்ஃபோர்ஸ் காம்பெட்டிஷன் 15-55×52 வாங்குவதா, ஷ்மிட் அண்ட் பெண்டர் 5-25×56 வாங்குவதா? பிற்பாடு இரும்புத் தகடு சுடும் போட்டிகளுக்கும் போக நினைக்கிறேன். இரண்டுக்கும் ஒரே ஸ்கோப் போதுமா?

பதில்: ஒன்றை வைத்து இரண்டையும் ஒப்பேற்றலாம். ஆனால் இவ்வளவு பணம் போட்டுவிட்டு ஒப்பேற்றுவானேன்? இப்போது சுடுவது எஃப்-டிஆர் என்றால் 15-55 ரகம்தான் (15 முதல் 55 மடங்கு உருப்பெருக்கம்) உங்களுக்கு. 5-25 மட்டமான ஸ்கோப் என்று சொல்லவில்லை. அது வேறு வேலைக்குச் செய்யப்பட்டது.

முதல் வித்தியாசம் கிளிக்கில், அதாவது குறியை நகர்த்தும் டர்ரெட் என்ற திருகுகுமிழின் ஒரு படியில். அதை மில், எம்ஓஏ என்ற கோண அளவுகளில் சொல்வார்கள்; 1 எம்ஓஏ என்பது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. எஃப் பிரிவு இலக்கில் 5 மதிப்பெண் வளையத்தின் குறுக்களவு 900 மீட்டரில் சுமார் 25 செ.மீ., அதற்குள் இருக்கும் வி வளையம் அதில் பாதி. 0.1 மில் கிளிக் ஒன்று 900 மீட்டரில் 9 செ.மீ. நகர்த்தும். கால் எம்ஓஏ கிளிக் 6.5 செ.மீ., அரைக்கால் எம்ஓஏ கிளிக் 3.3 செ.மீ. மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி விழும் தோட்டாக் குழுவை 9 செ.மீ. கிளிக்கால் நடுவுக்குக் கொண்டுவர முடியாது. ஒரு கிளிக் வைத்தால் அந்தப் பக்கம் போகும், எடுத்தால் இந்தப் பக்கம் வரும். 15-55-இல் இருப்பது அரைக்கால் எம்ஓஏ.

இரண்டாவது, ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு) எந்தக் குவியத்தளத்தில் இருக்கிறது என்பது. 5-25-இல் முதல் தளம். உருப்பெருக்கத்தை எப்படி மாற்றினாலும் கோடுகள் காட்டும் கோண அளவு மாறாது. வெவ்வேறு தூரத்துத் தகடுகளை நிமிடக் கணக்கில் சுட்டு முடிக்கும் போட்டிக்கு அது இல்லாமல் முடியாது. எஃப்-டிஆரில் தூரம் தெரிந்தது, இலக்கு ஒன்று, ஆரம்பத்தில் குறியைச் சரிபார்க்கச் சுடும் சைட்டர் தோட்டாக்களும் உண்டு. அங்கே 15-55-இல் உள்ள இரண்டாம் தளத்தின் மெல்லிய ரெட்டிகிள் வி வளையத்தை மறைக்காமல் நிற்பதுதான் லாபம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: காற்றுக்கு டர்ரெட்டைத் திருப்பாமல் ரெட்டிகிள் கோட்டில் தள்ளிப் பிடித்துச் சுடுபவராக இருந்தால், 40-இல் 1 எம்ஓஏ காட்டும் கோடு 20-க்கு இறக்கினால் 2 எம்ஓஏ காட்டும். போட்டி நடுவில் உருப்பெருக்கத்தைத் தொட்டால் கணக்கையும் மாற்ற வேண்டும்.

தொடவும் வேண்டிவரும். புளூம்ஃபொன்டெய்ன் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் வெயிலில் முற்பகல் ஏற ஏறக் கானல் கொதிக்கும். 50-இல் வளையங்கள் உருகி ஓடுவதுபோல் தெரியும். 25, 30-க்கு இறக்கினால் படம் அடங்கும். 55 என்ற எண்ணை நம்பி வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். காலை முதல் சுற்றில் அது சொர்க்கம், மதியம் வீண். 52 மி.மீ. முன்கண்ணாடியை 55-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 1 மி.மீ.கூட இல்லை. தலை இம்மி நகர்ந்தாலும் படம் இருளும். கானலை எதிரியாக மட்டும் பார்க்கவும் வேண்டாம். அது ஓடும் திசையும் வேகமும் கொடியைவிட முந்திக் காற்றைச் சொல்லும். பத்து தோட்டா சுட்டதும் குழலிலிருந்தே எழும் கானல் வேறு. அதற்குக் குழலின் மேல் ஒரு பட்டை மறைப்பு ஒட்டினால் போதும்.

இனி பலரும் வாங்கிய பிறகே யோசிக்கும் விஷயம்: டர்ரெட் எவ்வளவு தூரம் ஏறும்? 15-55-இன் மொத்த உயரச் சரிசெய்தல் 55 எம்ஓஏ. தட்டையான அடித்தளத்தில் (ரைஃபிளின் மேல் ஸ்கோப்பைத் தாங்கும் பட்டை) மாட்டினால், நடுவிலிருந்து மேலே மிஞ்சுவது பாதி, அதாவது 27.5. 100 மீட்டரில் ஜீரோ செய்த (குறிவைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி சரிசெய்த) .308-க்கு, 155 கிரெயின் எடைத் தோட்டாவில், கடல்மட்டக் காற்றில் 900 மீட்டருக்குச் சுமார் 30 எம்ஓஏ வேண்டும். எட்டாது. 20 எம்ஓஏ சரிவுள்ள பிக்காடினி அடித்தளம் போட்டால் மேலே 47.5, கீழே 7.5 கிடைக்கும், 100 மீட்டர் ஜீரோவும் இருக்கும், 900-க்கும் தாராளம். இன்னும் அதிகம் நல்லதென்று 40 எம்ஓஏ அடித்தளம் வாங்கினால், 100 மீட்டரில் ஜீரோ செய்யவே கீழே இறங்க இடம் இருக்காது. புளூம்ஃபொன்டெய்ன் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,400 மீட்டர் மேலே. காற்று மெலிது என்பதால் அங்கே 2 முதல் 3 எம்ஓஏ குறைவாகவே வைக்க வேண்டியிருக்கும். அதற்காக அந்த எண்ணை வைத்து அடித்தளம் வாங்காதீர்கள், டர்பன் எண்ணை வைத்து வாங்குங்கள். டர்பனில் எழுதிய டர்ரெட் குறிப்போடு அங்கே போய் முதல் தோட்டாவைச் சுட்டால் அது இலக்கின் மேல்பாதிக்குப் போய்விடும்.

எடை: எஃப்-டிஆரில் ஸ்கோப், பைபாட் எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. 15-55 சுமார் 800 கிராம், 5-25 ஒரு கிலோவுக்கு மேல். கனமான குழல் போட்டிருந்தால் அந்தச் சுமார் 300 கிராம் எடைத்தராசில் உங்களை வெளியே நிறுத்திவிடும்.

மாட்டுவதில் அவசரம் வேண்டாம். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களை அடித்தளப் பள்ளத்தில் முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முடுக்குங்கள். தோட்டா உதைக்கும்போது பிறகு நகராது. வளையத்தின் மேல்மூடித் திருகுகளுக்குப் பொதுவாக 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் போதும், ஆனால் உங்கள் வளையத்தைச் செய்தவர் சொன்ன அளவே இறுதி. முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் முடுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். பாராலாக்ஸ் சக்கரமோ (தலை அசைந்தால் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்வதைத் தீர்க்கும் பக்கச் சக்கரம்) உருப்பெருக்க வளையமோ கடினமாகத் திரும்பினால் அதுதான் அறிகுறி. அடுத்து மட்டம். 10 மீட்டர் தள்ளி ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ரைஃபிளை மட்டத்தில் நிறுத்தி, ரெட்டிகிளின் நிமிர்ந்த கோட்டை அந்தக் கயிற்றோடு ஒட்டவையுங்கள். 30 எம்ஓஏ ஏற்றியிருக்கும்போது 1 பாகை சாய்வு 900 மீட்டரில் சுமார் 14 செ.மீ. பக்கவாட்டில் தள்ளும். 5 வளையத்துக்கு வெளியே. சுடுபவர் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பார்.

பாராலாக்ஸுக்கு முன் கண்வில்லை வளையம். வெளிறிய வானத்தைப் பார்த்து, மூன்று நான்கு நொடி மட்டும் எட்டிப் பார்த்து, ரெட்டிகிள் கூர்மையாகத் தெரியும்வரை திருப்பிப் பூட்டிவிடுங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண்ணே மங்கலைச் சரிக்கட்டிக்கொள்ளும், அளவு தவறிவிடும். பக்கச் சக்கரத்தில் பொறித்த மீட்டர் எண்களை நம்பாதீர்கள். ரைஃபிளைத் தொடாமல் தலையை மேலும் கீழும் அசையுங்கள், குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகராத இடமே சரியான இடம்.

வாங்கியதும் ஒரு சோதனை. டேப் வைத்து அளந்த 100 மீட்டரில் 1 மீட்டருக்கு மேல் உயரமான தாள், தூக்குக்குண்டால் வரைந்த நிமிர்ந்த கோடு. அடிப்புள்ளியில் 3 தோட்டா. 30 எம்ஓஏ ஏற்றி, அதே அடிப்புள்ளியைக் குறிபார்த்து இன்னும் 3. நடுவில் 87.3 செ.மீ. இருக்க வேண்டும். 86 வந்தால் பதறவேண்டாம். சைட்டர் உள்ள போட்டியில் மாறாத பிழை ஒரு பொருட்டே அல்ல, கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். திரும்ப இறக்கிச் சுடும் 3 தோட்டா பழைய ஓட்டையிலேயே விழுகிறதா என்பதுதான் கேள்வி. விழவில்லை என்றால், அல்லது கிளிக் வைத்த முதல் தோட்டாவில் நகராமல் இரண்டாவதில் நகர்ந்தால், எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் கடைக்குத் திருப்பிவிடுங்கள். திருகுகளை ஒருமுறை சரிபார்த்த பிறகு.

விற்பனையாளரிடம் விலையைவிட ஒன்றை முதலில் கேளுங்கள்: பழுதானால் இங்கேயே பார்ப்பார்களா, வெளிநாடு போய்வர எத்தனை மாதம்? சீசன் நடுவில் ஸ்கோப் கப்பலில் போய்க்கொண்டிருந்தால் உத்தரவாதத்தால் என்ன பயன்? தகடு சுடும் ஆசை நிலைத்தால் அதற்கு அப்போது ஒரு 5-25 வாங்குங்கள், 0.1 மில் கிளிக்கோடு.

டர்பன் ஈரக்காற்றில் நுரைமெத்தைப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைக்காதீர்கள், கண்ணாடி விளிம்பில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பையோடு காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தால் முதலில் ஊதி, மென்தூரிகையால் தட்டிவிட்டு, அப்புறமே துணி. அடித்தளத் திருகுகளில் துரு தெரிகிறதா என்று சீசன் தொடக்கத்தில் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.