சம்பளத்தில் 16,000 டாலர் குறைகிறது, வாடகை பாதியாகிறது: பியோரியாவுக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 36. நியூஜெர்சி எடிசனில் மனைவி, ஆறு வயது மகளோடு இருக்கிறேன். கன்சல்டிங் கம்பெனி ஒன்றில் வேலை, ஆண்டுக்கு 1,28,000 டாலர். ஹெச்-1பி விசாவில் நான்காவது வருடம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது; கிரீன் கார்டு பேச்சையே கம்பெனி எடுப்பதில்லை. இல்லினாய்ஸ் மாநிலம் பியோரியாவில், கனரக இயந்திரங்கள் தயாரிக்கும் கேட்டர்பில்லருக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் 1,12,000. இங்கே வாடகை 2,600, ரயில் பாஸ் 240. அங்கே இரண்டு படுக்கையறை வீடு 1,250-க்கே கிடைக்கிறது. கையில் 62,000 டாலர் சேமிப்பு இருக்கிறது. 1,80,000 டாலருக்குத் தனி வீடே வருகிறது, போனதும் வாங்கிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மனைவி சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலையில் இருந்தவர், இப்போது ஹெச்-4 (துணைக்கான விசா, வேலை அனுமதி இல்லை) என்பதால் வீட்டில் இருக்கிறார். 'சின்ன ஊர், போரடிக்கும், ஆனால் காசு மிஞ்சும்' என்கிறார்கள். உண்மையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: காசு மிஞ்சுமா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். எல்லாரும் வாடகையோடு கணக்கை நிறுத்திக்கொள்கிறார்கள்.

2025-ஆம் ஆண்டு வரி விகிதப்படி, கணவன் மனைவி கூட்டாகத் தாக்கல் செய்து ஒரு குழந்தைக்கான சலுகையும் எடுத்தால், எடிசனில் உங்கள் கைக்கு மாதம் சுமார் 8,780 டாலர் வரும். பியோரியாவில் சுமார் 7,610. (மருத்துவக் காப்பீடு, 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு, சில்லறைப் பிடித்தங்களை இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன்.) இதில் பலர் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. சம்பளம் குறைந்தும் உங்கள் மாநில வரி கூடுகிறது. நியூஜெர்சியில் வரி படிப்படியாக ஏறும். முதல் 20,000 டாலருக்கு 1.4 சதவீதம்தான். இல்லினாய்ஸில் படியே கிடையாது, விலக்குத் தொகை போக எல்லாவற்றுக்கும் 4.95 சதவீதம். உங்கள் விஷயத்தில் ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கூடுதல்.

ஆக, மாத வரவு 1,170 குறைகிறது. வாடகையில் 1,350, ரயில் பாஸில் 240, மொத்தம் 1,590 மிச்சம். அப்படியானால் 420 டாலர் லாபம்தானே என்று தோன்றும். ஆனால் பியோரியாவில் இரண்டாவது கார் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது. நகரப் பேருந்து ஓடுகிறது. அதை நம்பி எட்டு மணி வேலைக்கும் மூன்று மணி பள்ளிக்கும் போய்வரும் ஊர் அல்ல அது. ஊருக்குப் பயணிகள் ரயிலும் இல்லை. ஆம்ட்ராக் என்ற தொலைதூர ரயிலில் ஏற வேண்டுமென்றால் நாற்பது மைல் தள்ளியுள்ள புளூமிங்டன்-நார்மலுக்குப் போக வேண்டும். பழைய கார் ஒன்றை 14,000 டாலருக்கு வாங்கி ஐந்து வருடம் ஓட்டுவதாக வைத்து, இன்சூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ் சேர்த்தால் மாதம் 450 ஆகிவிடும். மிச்சம் என்று நினைத்த 420 அதோடு சரி.

சின்ன ஊருக்குப் போவதால் உங்கள் கையில் கூடுதலாக எதுவும் மிஞ்சவில்லை. இழப்பும் பெரிதாக இல்லை. கணக்கு பூஜ்யத்தில் நிற்கிறது. அதனால் 'காசு மிஞ்சும்' என்ற காரணத்துக்காகப் போகாதீர்கள். போவதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஊரைப் பற்றி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பியோரியாவில் சுமார் 1,13,000 பேர். இல்லினாய்ஸ் ஆற்றங்கரை ஊர். சுற்றிலும் சோளமும் சோயாவும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்கும் வழி கண்டறியப்பட்டது இங்கிருந்த அரசு வேளாண் ஆய்வகத்தில்தான். ஆனாலும் பல தலைமுறைகளாக இந்த ஊரின் சோறு கேட்டர்பில்லர் என்ற ஒரே அடுப்பில்தான் வெந்தது. 1982-83-இல் அங்கே 205 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்தப் பத்தாண்டு முழுக்க ஆட்குறைப்பு. 2017-இல் தலைமையகத்தை சிகாகோ பக்கம் டீர்ஃபீல்டுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். 2022-இல் அதுவும் டெக்சாஸின் இர்விங்குக்குப் போகும் என்றார்கள். தொழிற்சாலைகளும் மாஸ்வில் தொழில்நுட்ப மையமும் இன்னும் பியோரியா வட்டாரத்தில் இருக்கின்றன, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். நான் பயமுறுத்தவில்லை. அந்த வட்டாரத்து வீட்டு விலை ஏன் 1,80,000-இல் நிற்கிறது என்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்கிறேன், அவ்வளவுதான்.

எடிசனில் வேலை போனால் அதே ரயிலில் நியூயார்க்குக்கோ நியூவர்க்குக்கோ வேறு வேலைக்குப் போகலாம். வீடும் பள்ளியும் மாறாது. பியோரியாவில் உங்கள் துறையில் அடுத்த வேலை பெரும்பாலும் அதே கேட்டர்பில்லரைச் சுற்றியே இருக்கும். கேட்டர்பில்லர் சுருங்கும் நாளில் உங்கள் கம்பெனியும் பக்கத்துக் கம்பெனியும் சேர்ந்தேதான் சுருங்கும். ஹெச்-1பி-யில் வேலை போனால் உங்களுக்கு இருப்பது அதிகபட்சம் 60 நாள். அந்த நாட்களுக்குள் வேறு மாநிலத்தில் வேலை தேடி, குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டும்.

இப்போது அந்த வீட்டுக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் கடன் தவணையை மட்டும் பார்த்திருப்பார்கள். 1,80,000 டாலர் வீட்டுக்கு 20 சதவீதம் முன்பணம் 36,000. மீதி 1,44,000 கடன், 6.5 சதவீத வட்டி, 30 வருடம் என்றால் தவணை 910. வாடகையைவிடக் குறைவு, உண்மைதான். அதோடு சொத்து வரியைச் சேருங்கள். இல்லினாய்ஸ் அமெரிக்காவிலேயே சொத்து வரி கடுமையாக உள்ள மாநிலங்களில் ஒன்று. பியோரியாவில் பல வீடுகளுக்குச் சந்தை விலையில் 2.5 முதல் 3 சதவீதம் வரை போகிறது. இந்த வீட்டுக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 415-க்கு மேல். சென்னையில் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரியை மனதில் வைத்துக்கொண்டு இதை யோசிக்காதீர்கள். இது இரண்டாவது தவணை மாதிரிதான், கடன் தீர்ந்த பிறகும் தீராது. வீட்டுக் காப்பீடு 150 என்றால் மொத்தம் சுமார் 1,475. (அந்த வட்டாரத்தில் சூறாவளிக் காற்று கதைக்குச் சொல்வதல்ல. 2013 நவம்பர் 17 அன்று பக்கத்து ஊரான வாஷிங்டனைப் பெரிய சூறாவளி ஒன்று தாக்கியது. காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். வாடகை வீட்டில் இருந்தாலும் பொருட்களுக்குக் காப்பீடு எடுங்கள்.) குளிர்காலத்து எரிவாயுக் கட்டணம், ஹீட்டர் பழுது, பனி அள்ளுவது, புல் வெட்டுவது எல்லாம் தனி.

இரண்டு வருடத்தில் ஊரைவிட்டுப் போக நேர்ந்தால் என்ன ஆகும்? அதுவரை நீங்கள் அடைத்திருக்கும் அசல் சுமார் 3,300 டாலர். விற்க ஆகும் தரகும் இதர செலவும் 12,000 வரை போகலாம். விலை ஏறி இதை ஈடுகட்டும் என்று பெருநகரத்தில் ஓரளவு எதிர்பார்க்கலாம். ஒரு கம்பெனியை நம்பிய ஊரில் நீங்கள் விற்கும் நாளில் உங்களைப் போலவே வேலை போன பலர் விற்க நிற்பார்கள். முன்பணமும் பதிவுச் செலவும் போனால் 62,000-இல் கையில் இருபதாயிரம் சொச்சம்தான் இருக்கும், அதிலும் இரண்டாவது கார் வாங்க வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு ஆறு மாதச் செலவே 33,000 ஆகும். எனவே கிரீன் கார்டு வழியில் ஐ-140 (உங்களுக்காக நிறுவனம் போடும் மனு) ஒப்புதல் வரும்வரை வீடு வேண்டாம். 62,000-இல் காருக்குப் போக மீதியை அதிக வட்டி தரும் சேமிப்புக் கணக்கிலோ டிரெஷரி பில் என்ற குறுகிய கால அரசுக் கடன் பத்திரத்திலோ வையுங்கள். வீட்டு ஏஜெண்ட் நல்ல மனிதராகவே இருப்பார், அவர் வேலை விற்பது.

பிறகு எதற்குத்தான் போவது? அந்த ஐ-140-க்காக. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது சம்பளமோ வாடகையோ அல்ல, 'நான்காவது வருடம்' என்ற சொற்கள்தான். ஹெச்-1பி ஆறு வருடம். அதற்கு மேல் நீட்டிக்க வேண்டுமானால் ஐந்தாம் வருடம் முடிவதற்குள் பெர்ம் விண்ணப்பம் (ஐ-140-க்கு முந்தைய படி, தொழிலாளர் துறையிடம் நிறுவனம் கேட்கும் ஒப்புதல்) தாக்கலாகிவிட வேண்டும், அல்லது ஆறு வருடத்துக்குள் ஐ-140 ஒப்புதலே வந்துவிட வேண்டும். பெர்ம் தாக்கல் செய்வதற்கு முன் ஊதிய நிர்ணயம், விளம்பரம் என்று பல மாதங்கள் ஓடிவிடும். இப்போதைய கம்பெனி வாயே திறக்காத நிலையில், எடிசனில் சௌகரியமாக உட்கார்ந்திருப்பதுதான் உங்களுக்குப் பெரிய ஆபத்து. ஐ-140 ஒப்புதல் வந்து 180 நாள் கடந்தால், பிறகு நிறுவனமே திரும்பப் பெற்றாலும் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதியும் விசா நீட்டிப்பு உரிமையும் பொதுவாக உங்களோடு இருக்கும். அதன்பின் பியோரியாவில் வேலை போனாலும் இன்னொரு நிறுவனம் உங்களை எடுப்பது எளிது.

அதனால் புதிய நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் விஷயம் சம்பள உயர்வு அல்ல. 'சேர்ந்த மூன்று மாதத்துக்குள் பெர்ம் வேலைகளைத் தொடங்குவோம்' என்று எழுத்தில் கேளுங்கள். சில நிறுவனங்களில் ஒரு வருடம் கழித்துத்தான் தொடங்குவோம் என்ற விதி இருக்கும். உங்கள் காலக்கணக்குக்கு அது ஒத்துவராது. எச்.ஆர். தொலைபேசியில் 'பார்த்துக்கலாம்' என்றால் அது பதில் இல்லை. எழுதித் தர மறுத்தால் இந்த வேலையை விட்டுவிட்டு எடிசனில் இருந்தபடியே வேறு நிரந்தர வேலை தேடுங்கள்.

எழுதித் தந்தால் போங்கள். அப்போது மற்றதைப் பேசலாம். வீடு மாறும் செலவையும், சேரும்போது ஒருமுறை தரும் தொகையையும் கேளுங்கள். சின்ன ஊருக்கு ஆள் வருவது கடினம் என்பது அவர்களுக்குத் தெரியும். மருத்துவக் காப்பீட்டுக்கு இப்போது எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கன்சல்டிங் கம்பெனிகளில் குடும்பக் காப்பீடு பெரும்பாலும் சம்பளத்தைக் கடிக்கும். நிரந்தர வேலையில் மாதம் சில நூறு டாலர் குறையலாம். 401(கே)-யில் நிறுவனம் 5 சதவீதம் போட்டால் அதுவே ஆண்டுக்கு 5,600. நான் பூஜ்யம் என்று சொன்ன கணக்கு லாபத்துக்குத் திரும்பும் இடம் இதுதான், இரண்டு நிறுவனங்களின் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி நண்பர்கள் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. ஓ.எஸ்.எஃப். ஹெல்த்கேர் என்ற பெரிய மருத்துவமனைக் குழுமத்தின் தலைமையகம் பியோரியாவில்தான் இருக்கிறது. ஐ-140 ஒப்புதல் வந்ததும் ஹெச்-4-இல் இருப்பவர் வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். மெடிக்கல் கோடிங் அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டு, வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளும் உண்டு. அவரிடம் சி.பி.சி. என்ற மெடிக்கல் கோடிங் சான்றிதழ் இருந்தால் காலாவதி ஆகாமல் புதுப்பித்து வைக்கட்டும். உங்களுக்கு இன்னொரு 8,000 டாலர் உயர்வு வாங்குவதைவிட அவருக்கு வேலை கிடைப்பது குடும்பக் கணக்கை வெகுவாக மாற்றும். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் செலவையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். ஓட்டத் தெரியாமல் ஓர் இல்லினாய்ஸ் குளிர்காலம் வீட்டுக்குள் கிடந்தால் அடுத்த குளிர்காலத்துக்கு அவர் சென்னையில் இருப்பார்.

மகளின் பள்ளிக்காக இந்தியக் குடும்பங்கள் ஊரின் வடக்கே டன்லப் பள்ளி மாவட்டத்தைத் தேடிப் போகின்றன. மாஸ்வில்லுக்கும் அது பக்கம். அங்கே வாடகை நீங்கள் பார்த்த 1,250-ஐவிடக் கூடும், 1,500 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஊரில் இந்துக் கோயில் இருக்கிறது, மளிகைக்கும் வழி உண்டு. டெவான் அவென்யூ இந்தியக் கடைகளும் அரோரா பாலாஜி கோயிலும் வேண்டுமென்றால் சிகாகோ பக்கம் போக வேண்டும், ஒரு வழிக்கே இரண்டரை மூன்று மணி நேரம்.

முடிவெடுக்கும் முன் மனைவியோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ போங்கள், மே மாதம் எந்த ஊரும் அழகுதான். பியோரியாவுக்கே விமானத்தில் போகாமல் சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் காரில் போங்கள். ஊரிலிருந்து உங்கள் அப்பா அம்மா வரும்போது நீங்கள் அழைத்துவரப் போகும் வழி அது.