குயில்ட் ஹாட் பேட் (சூடான பாத்திரத்தை பிடிக்கவும் கீழ வெக்கவும் அடுக்கா துணி வெச்சு தைக்கிறது) கையால தைச்சு கிஃப்ட்டா குடுக்கவும் ஸ்டால்ல விக்கவும் ஆசை, எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?

யூட்யூப்ல நாலஞ்சு வீடியோ பாத்தேன், என்ன துணி, உள்ள என்ன வெக்கிறது, போட்ட காசு வருமான்னு கேட்டிருக்கீங்க. நான் கடலூர் மஞ்சக்குப்பம், அஞ்சு வருஷமா இதைத்தான் தைச்சிட்டு இருக்கேன், வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ பாண்டியில ஸ்டால் போடுவேன், அதனால பட்டதை சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு. அந்த வீடியோவெல்லாம் கேக் சுடற ஓவன் இருக்கிற வீட்டுக்கு. அவங்க கேக் டிரேய வெளிய இழுக்கணும், அதுக்கு நல்லா தடிமனா 8 இஞ்சு சதுரத்துல ஒண்ணு கையில இருந்தா போதும். நம்ம வீட்டுல என்ன பிடிக்கிறோம்? சோத்துப் பானைய சாய்ச்சு கஞ்சி வடிக்கிறோம், கொழம்பு சட்டி எறக்கறோம், இட்லி குண்டான் மூடி தொறக்கறோம், எல்லாத்துக்கும் துணி விரலோட மடங்கணும். நான் இது தெரியாம மொத ஸ்டாலுக்கு 40 பீஸ் மெத்தை மாதிரி தைச்சு எடுத்துட்டு போனேன். ஒரு பெரியம்மா வந்து எடுத்து ரெண்டு தடவ மடக்கி பாத்தாங்க, மடங்கல. "பாக்க அம்சமா இருக்குது, இத வெச்சிக்கினு எப்படிம்மா கஞ்சி வடிக்கிறது?"ன்னு கேட்டுட்டு வெச்சிட்டு போயிட்டாங்க. அன்னிக்கி வித்தது 6, அதுவும் ஆரோவில் பக்கத்துலேர்ந்து வந்தவங்க வாங்கினது, அவங்க வீட்டுல ஓவன் இருக்கு.

அதுலேர்ந்து ரெண்டு விதமா தைக்கிறேன். டேபிள் மேல குக்கர் வெக்க 8 இஞ்சுல தடிமனா ஒண்ணு, நம்ம பழைய பிரிமணை வேலைய செய்யும். கையில பிடிக்க 6 இஞ்சுக்கு 5 இஞ்சுல மெலிசா ஜோடியா ரெண்டு. இந்த ஜோடிதான் ஓடுது.

வெளித்துணி எது வேணா இருக்கலாம், ஆனா முழு காட்டனா இருக்கணும். கடைக்காரர் சத்தியம் பண்ணாலும் நம்பாதீங்க, ஓரத்துல ஒரு நூலை உருவி தீக்குச்சில காட்டுங்க, காகிதம் எரியற வாசனை வந்து சாம்பலா உதிர்ந்தா காட்டன், உருகி மணி மாதிரி கெட்டியா நின்னா பாலியெஸ்டர் கலப்பு. நான் குறிஞ்சிப்பாடி கைலி வாங்கிக்கிறேன், காரணம் இருக்கு, கட்டம் போட்ட கைலில சாக்பீஸ் கோடே போட வேணாம், கட்டத்து கோட்டு மேலயே மெஷின ஓட்டிட்டு போலாம். மீதிக்கு பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல கட் பீஸ் பொறுக்குவேன் (ஒரு காலத்துல பாண்டியிலேர்ந்து நீலச்சாயத் துணி கப்பல் ஏறி செனகல் வரைக்கும் போயிருக்கு, நான் அதே ஊர்ல துண்டு துணிக்கு பேரம் பேசிட்டு நிக்கிறேன்). எதுவா இருந்தாலும் வெட்டறதுக்கு முன்னாடி தண்ணில ஊறப்போட்டு அலசிடுங்க, கைலி சுருங்கும், சாயமும் போகும், தைச்சப்புறம் போச்சுன்னா வெள்ளை பார்டர் ரோஸ் ஆயிடும், அப்புறம் அதை யாருக்கு குடுக்கறது.

உள்ள வெக்கிறதுலதான் எல்லாமே இருக்கு, இதுலதான் என் மானம் போனது. தலகாணிக்கு வெக்கிற வெள்ளை ஃபைபர் ஷீட்டு மலிவா கிடைச்சுதேன்னு அதை வெச்சு தைச்சு என் நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு குடுத்தேன். அவங்க அடுப்புல காய்ஞ்சிட்டு இருந்த தோசைக்கல்ல அதை வெச்சு நகர்த்தியிருக்காங்க, துணி கருகி உள்ள இருந்தது உருகி கல்லுல ஒட்டிக்கிச்சு. பாலியெஸ்டர் 250, 260 டிகிரில உருகிடும், எண்ணெய் ஊத்தாம பெரிய தீயில விட்ட இரும்புக் கல்லு அந்த சூட்டுக்கு போயிடும். நாத்தனார் ஒண்ணும் சொல்லல, ஆனா இன்னிக்கி வரைக்கும் அந்த கல்லுல ஒரு தழும்பு இருக்குது, தோசை ஊத்தும்போதெல்லாம் எனக்கு காட்டுவாங்க.

இப்ப உள்ள போறது பழைய டர்க்கி டவலும் பழைய வேட்டியும்தான். கை ஜோடிக்கு டவல் ஒரு லேயர், வேட்டி ரெண்டு மடிப்பு. டேபிளுக்கு டவல் ரெண்டு லேயர். விக்கிறதுக்கு தைக்கும்போது பழசு வெக்கிறது எனக்கு மனசு வரல, காடா துணியும் புது டவலும் வாங்கி துவைச்சு வெக்கிறேன். உள்ள வெக்கிறதுக்குன்னே காட்டன் பேட்டிங்னு பஞ்சு ஷீட்டு ஆன்லைன்ல வருது, நல்லாத்தான் இருக்கும், விலை கட்டுப்படியாகாது. பளபளன்னு உள்ள ஃபிலிம் வெச்ச ஹீட் ஷீட்டும் வருது, அதை தனியா வெச்சா பத்தாது, காட்டனும் கூட வேணும், அதுல உலோகம் இருக்கறதால மைக்ரோவேவ் உள்ள வெக்கக்கூடாதுன்னு வாங்கறவங்ககிட்ட கண்டிப்பா சொல்லணும்.

சூட்டை தடுக்கறது துணி இல்லைங்க, துணிக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கிற காத்து. அதனால கோடு கோடா நெருக்கி தைச்சு தள்ளாதீங்க, அமுங்கி அட்டை ஆயிடும், சூடு நேரா கைக்கு வந்துடும். ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சு இடைவெளி போதும். ஈரமாச்சுன்னா கதையே வேற, தண்ணி காத்தை விட 20 மடங்குக்கு மேல சூட்டை கடத்தும், அதான் கஞ்சி வடிக்கும்போது துணி நனைஞ்சா சுரீர்னு சுடுது.

தையல்னு பாத்தா 16-ம் நம்பர் ஊசி போடுங்க, 14 போட்டா ஓரத்துல தடிமன் ஜாஸ்தியாகி ஊசி ஒடையும். தையல் நீளம் 3, மூன்றரைல வெச்சுக்கோங்க, நூலும் காட்டன் நூல். நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு ஓரத்துக்கு போங்க, ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சா மேல்துணி தள்ளிக்கிட்டே போய் கடைசில ஒரு பக்கம் கொசுவம் நிக்கும். மூலைய ஒரு சில்வர் டம்ளர் வெச்சு வரைஞ்சு வட்டமா வெட்டிடுங்க, கூர் மூலைல பட்டி (ஓரத்தை மூடி அடிக்கிற துணிப்பட்டை) திருப்பறது புதுசா பண்றவங்களுக்கு கண்ணீர் வரவெக்கும். பட்டி ரெண்டரை இஞ்சுல கிராஸா, அதாவது துணிய மூலைவாட்டுல வெட்டி ரெண்டா மடிச்சு அடிச்சா வளைவுல அழகா உக்காரும். மாட்டறதுக்கு வளையம் வெக்கிறீங்கன்னா ஒரு இஞ்சுக்கு மேல வேணாம், நம்ம கேஸ் அடுப்புல தீ வெளிய நிக்கிது, தொங்கறது எதுவா இருந்தாலும் பிடிச்சிக்கும். லேஸ், ஃப்ரில் எல்லாம் இதே காரணத்துக்காக நான் வெக்கிறதே இல்ல.

விலைக்கு வரேன். ஜோடிக்கு துணி, நூல் எல்லாம் சேர்த்து எனக்கு 45 ரூபாய் கிட்ட ஆவுது, மொத்தமா வெட்டி வெச்சுட்டு தைச்சா ஒரு ஜோடி அரை மணி நேரம். 160-ன்னு வெச்சிருக்கேன். "கரித்துணிக்கு 160 ரூபாயா?"ன்னு மூஞ்சிக்கு நேராவே கேப்பாங்க, கோவப்படாதீங்க, ஸ்டால்ல ஒரு ஃபிளாஸ்க்ல கொதிக்கிற தண்ணி கொண்டு போங்க, ஒரு சில்வர் சொம்புல ஊத்தி, ஜோடிய அவங்க கையிலயே குடுத்து பிடிச்சுக்கிட்டு 30 வரைக்கும் எண்ண சொல்லுங்க. பாதி பேர் வாங்கிடுவாங்க, மீதி பேர் எண்ணிட்டு போயிடுவாங்க. ஆனா உண்மைய சொல்லணும்னா காசு ஸ்டால்ல இல்ல, வளைகாப்பு, கிரகப்பிரவேசத்துக்கு ரிட்டன் கிஃப்ட் ஆர்டர்லதான் இருக்கு, 50 ஜோடி ஒரே கைலில கேப்பாங்க, ஜோடிக்கு 130-க்கு குடுத்தாலும் கட்டுப்படியாகும்.

ஸ்டாலுக்கு மொத தடவையே 40 தைக்காதீங்க, கை ஜோடி 15, டேபிளுக்கு 5 போதும். ஐப்பசி கார்த்திகைல போட்டீங்கன்னா மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பால எடுத்துட்டு போங்க, நம்ம பக்கத்து மழை எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, நனைஞ்ச பீஸ வெச்சு சொம்பு காட்டிடாதீங்க.