வேன் பாய்லரும் உறைபனியும்: கேள்வி பதில்

ஐரோப்பாவிலும் கனடாவிலும் கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்துக்கு முன் கேட்டவை. வேன் ஹீட்டர் பொருத்திப் பழுதுபார்க்கும் உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஸ்டுட்கார்ட்: அண்ணா, ட்ரூமா காம்பி 6 இருக்கு, காற்றையும் தண்ணியையும் சேர்த்துச் சூடாக்குற ஹீட்டர். மார்ச் வரைக்கும் வண்டியை நிறுத்தப் போறேன். தண்ணியை முழுசா எப்படி வடிக்கிறது?

முதல் வேலை பம்ப் சுவிட்சை அணைப்பது. மறந்தீர்களானால், வால்வு திறந்த மறுகணம் அழுத்தம் குறைந்ததைப் பார்த்து பம்ப் ஓடத் தொடங்கும். நல்லதண்ணீர் டேங்க் முழுவதையும் தரையில் கொட்டிவிட்டுத்தான் ஓயும். ஹீட்டரையும் அணைத்து, தண்ணீர் ஆறும்வரை பொறுங்கள்.

அடுத்து எல்லாக் குழாய்களையும் திறங்கள். ஒற்றைப் பிடிக் குழாய் என்றால் பிடியை நடுவில் நிறுத்துங்கள், சுடுநீர் வழியும் பச்சைத்தண்ணீர் வழியும் சேர்ந்து திறக்கும். ஷவரைக் கொக்கியில் மாட்டி அதையும் திறந்துவிடுங்கள். இதெல்லாம் ஆனபிறகுதான் ஃப்ராஸ்ட் கன்ட்ரோல் வால்வின் (குளிர் கூடினால் தானே திறந்து பாய்லரை வடித்துவிடும் வால்வு) திருகைத் திருப்ப வேண்டும். பொத்தான் டக்கென்று வெளியே துள்ளும், வண்டிக்கு அடியில் தண்ணீர் இறங்கும்.

அந்த வால்வு பச்சைத்தண்ணீர் உள்ளே வரும் பைப்பில் இருக்கிறது. மேலே காற்று நுழைந்தால்தான் கீழே தண்ணீர் இறங்கும். குழாய்கள் மூடியிருந்தால், ஸ்ட்ராவின் மேல்வாயை விரலால் பொத்திய கதைதான்: கொஞ்சம் ஒழுகும், நின்றுவிடும், நீங்களும் காலி என்று நினைத்துக் கதவைப் பூட்டிவிடுவீர்கள். அதனால் அடியில் வாளி வைத்து அளங்கள். காம்பியின் தொட்டி 10 லிட்டர். வாளியில் 6 லிட்டர் வந்தால் 4 லிட்டர் உள்ளேயே கிடக்கிறது.

பம்புக்கு முன்னால் உள்ள வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் அது, முதலில் விரிவது அதுதான். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்கும் நல்லதண்ணீர் டேங்குக்கும் தனி வடிகால் உண்டு. குழாய்கள் மார்ச் வரை திறந்தே இருக்கட்டும்.

லீட்ஸ்: ராத்திரி 1 டிகிரிதான் போகும்னு சொல்றாங்க. சைபருக்குக் கீழே போகலையே, வடிக்கணுமா?

வடியுங்கள். வானிலை அறிக்கையின் எண் நிழலில், தரைக்கு மேலே அளந்த காற்றின் வெப்பநிலை. மேகமில்லாத இரவில் தரையும் வண்டியின் தகரமும் அந்தக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காலையில் 2 டிகிரி என்று காட்டும்போதே கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டுகிறீர்களே, அதே கணக்கு.

பாரிஸ்: பாய்லர் காலியா இருக்கும்போது வெப்பக்காற்றை மட்டும் ஓட்டலாமா?

காம்பியில் ஓட்டலாம், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். குளிர்ந்த வண்டியில் ஏறினால் அதுதான் சரியான வரிசையும்: முதலில் காற்றைச் சூடாக்குங்கள், பிறகு வால்வை மூடி நிரப்புங்கள். பிற பாய்லர்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்காதீர்கள். மின்கம்பியால் சூடாகும் தொட்டியைத் தண்ணீரில்லாமல் ஆன் செய்தால் கம்பி கருகிவிடும்.

லண்டன்: வால்வு பொத்தானை அழுத்தினா நிக்க மாட்டேங்குது. புதுசு வாங்கணுமா?

வேண்டாம். வால்வு இருக்கும் இடம் 7 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் பொத்தான் நிற்கும். ஹீட்டரை ஓட்டி, அந்த அலமாரிக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருங்கள்.

ஒஸ்லோ: 3 டிகிரி வந்தாலே வால்வு திறந்து தண்ணி எல்லாம் போயிடுது. பொத்தானில் துணி கிளிப் மாட்டினா நிக்கும்னு ஒருத்தர் சொன்னார்.

கிளிப்பை எடுத்துத் துணி காயப்போடுங்கள்.

சரி, விளக்கமாகவே சொல்கிறேன். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். 10 லிட்டர் கிட்டத்தட்ட 11 லிட்டர் இடம் கேட்கும். ஸ்டீல் தொட்டி அவ்வளவு இழுபடாது, பற்றவைத்த தையல் விரியும். அதைத் தடுக்கத்தான் அந்த வால்வு 3 டிகிரியிலேயே திறக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம், பேட்டரி செத்தாலும் வேலை செய்யும். வண்டியில் நம்மை நம்பியிராத ஒரே பாகம் அது. அதன் கையைக் கட்டிப்போடுவதுதான் கிளிப்.

பர்மிங்ஹாம்: சும்மா பயமுறுத்தாதீங்க. நான் மூணு குளிர்காலமா கிளிப் போடுறேன், ஒண்ணும் ஆகலை. வண்டிக்குள்ளே தூங்குறோம், ஹீட்டர் 18ல் ஓடுது. எப்படி உறையும்?

ஹீட்டர் ஓடும்வரை உறையாது, அதில் தகராறு இல்லை. அது எப்போது நிற்கும் என்று பாருங்கள். உங்கள் ஊரில் பலர் வாங்குவது நீல சிலிண்டர், பியூட்டேன். அது மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. வெளிப்பெட்டியில் இருக்கும் சிலிண்டரில் திரவம் நிறைய இருக்கும், கேஸ் வராது. அதாவது பாய்லருக்கு ஹீட்டர் தேவைப்படும் அதே இரவில்தான் ஹீட்டர் அணையும். பேட்டரியும் குளிரில் சோர்ந்துதான் இருக்கும்.

மறுபடி பர்மிங்ஹாம்: நான் சிவப்பு சிலிண்டர், புரோப்பேன். இப்ப என்ன சொல்றீங்க?

புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், அந்த வழியை அடைத்துவிட்டீர்கள். சிலிண்டர் விடிகாலை நாலு மணிக்குத் தீர்ந்தால்? காலையில் கிளிப்பை எடுக்க மறந்து ஒரு வாரம் வண்டியை நிறுத்தினால்? உறைபனிச் சேதத்துக்கு வாரண்டியும் கிடையாது.

சூரிச்: அண்ணா சொல்றது சரி, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி போனா குழந்தைக்குப் பால் கரைக்க என்ன செய்யறது? கிளிப் போடுறவங்களுக்கும் காரணம் இருக்கு.

குடிக்கும் தண்ணீரைக் கேனில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சூடாக இருக்கும்போதே வால்வு திறக்கிறது என்றால், அதைப் பொருத்திய மூலை குளிர்ந்த மூலை. பெரும்பாலும் தரையோடு ஒட்டி, கதவோரமாக இருக்கும். வெப்பக்காற்றுக் குழாயிலிருந்து சின்னக் கிளை ஒன்றை அந்தப் பக்கம் திருப்புங்கள். முடியாதென்றால், இந்த வால்வுக்கென்றே 12 வோல்ட்டில் ஓடும் சூடேற்றும் துண்டு விற்கிறார்கள். அது நின்றுபோனாலும் வால்வு தன் வேலையைச் செய்யும். கிளிப்புக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

பெர்கன்: கிளிப்புக்குப் பதிலா ரப்பர் பேண்ட்?

இல்லை.

டோர்ட்முண்ட்: எங்களுடையது ஆல்டே ஹீட்டர். உள்ளே கிளைகால் (உறைதடுப்புத் திரவம்) இருக்கே, உறையாதுதானே?

கிளைகால் ஓடுவது ரேடியேட்டர்களில். குளிக்கும் தண்ணீர் தனி அறையில், சுமார் 8.4 லிட்டர், அதில் ஒரு சொட்டு கிளைகாலும் இல்லை. மஞ்சள் பிடியுள்ள வடிகால் வால்வைத் தூக்கி அதை வடித்தே ஆகவேண்டும். குழாய்கள் திறந்திருக்கட்டும், மேலே சொன்ன ஸ்ட்ரா கதை இங்கேயும் உண்டு.

கல்கரி: சபர்பன் 6 காலன் பாய்லர். இங்கே மைனஸ் 30 சாதாரணம்.

உங்கள் தொட்டியில் தானியங்கி வால்வு கிடையாது, எல்லாம் உங்கள் கையில். கேஸ், கரண்ட், பம்ப் மூன்றையும் அணைத்து, தண்ணீர் நன்றாக ஆறியபின் ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். வெளிப்பக்கம் இருக்கும் ஆனோடு கம்பியை (தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிந்து தொட்டியைக் காக்கும் கம்பி) 27 மி.மீ. சாக்கெட்டால் கழற்றினால் தொட்டி வடியும். அழுத்தம் இருக்கும்போது கழற்றினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். பருக்க இடமிருப்பதால் அது ஒன்றும் செய்யாது.

பிறகு பைபாஸ் வால்வைத் திருப்பித் தொட்டியைத் தனியாக்கிவிட்டு, இளஞ்சிவப்பு புரொப்பிலீன் கிளைகாலைப் பம்பால் இழுத்து, ஒவ்வொரு குழாயிலும் அந்த நிறம் வரும்வரை விடுங்கள். 8 முதல் 11 லிட்டர் போதும். பைபாஸை மறந்தால் தொட்டிக்கே இன்னொரு 23 லிட்டர் போகும். ஆனோடு கம்பி முக்கால்வாசி கரைந்திருந்தால் வசந்தத்தில் புதிது மாட்டுங்கள், மரையில் டெஃப்லான் டேப் சுற்றி.

கேன்ட்: கார் ரேடியேட்டர் கூலன்ட் ஊத்தலாமா?

கூடாது. எத்திலீன் கிளைகால் விஷம்.

லில்: டேங்கில் உப்பு போட்டா?

கடல்நீரே சுமார் மைனஸ் 2 டிகிரியில் உறையும். மிஞ்சுவது அரித்த ஸ்டீல்தான்.

நாட்டிங்ஹாம்: எங்க ஊர்ல 2 டிகிரிதான் காட்டுது...

லீட்ஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஊட்டி: மாடியில் சோலார் ஹீட்டர் டியூப் டிசம்பரில் வெடிக்குது.

அது வீட்டு பிளம்பிங். சோலார் ஹீட்டர் பொருத்தியவரைக் கேளுங்கள்.

பாசல்: போன வருஷம் வடிக்க மறந்துட்டேன். வெடிச்சிருக்கான்னு எப்படித் தெரியும்?

ஹீட்டரை ஆன் செய்யாமல் நிரப்புங்கள். குழாய்களை மூடி, பம்பை மட்டும் விட்டுவைத்து அரைமணி நேரம் காதுகொடுங்கள். யாரும் தண்ணீர் தொடாமலே பம்ப் சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டுர்ர்’ என்று ஓடி நின்றால் எங்கோ ஒழுகுகிறது. பாய்லரின் அடிப்பாகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். தொட்டியைச் சுற்றிக் காப்புறை இருப்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, ஈரம்தான் காட்டிக்கொடுக்கும். குழாயின் அடியையும் வடிகட்டிக் கிண்ணத்தையும் பாருங்கள், பல நேரம் ஒழுகுவது அங்கேதான். தண்ணீர் சூடேறும்போது வண்டிக்கு அடியில் வடிகாலில் விழும் சில சொட்டுகள் வேறு: சூட்டில் பருத்த தண்ணீரை வால்வு வெளியே விடுகிறது, அதைப் பழுது என்று நினைத்துப் பாய்லரைக் கழற்றாதீர்கள்.