போலீசில் ஒத்துக்கொண்டால் முடிந்துவிட்டதா? தூக்குத் தண்டனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நம் நாட்டில் தப்பாகத் தூக்கில் போட்டது உண்டா? (குழித்துறை வாசகர்)

உண்டு. ராஜஸ்தானில் 1996-லும் 97-லும் இரண்டு பேரைத் தூக்கிலிட்டார்கள். முதலாமவரின் தண்டனையை உறுதி செய்த தீர்ப்பே, அரிதிலும் அரிதான வழக்கில்தான் தூக்கு என்று சொன்ன 1980-இன் பச்சன் சிங் தீர்ப்புக்கு விரோதமானது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டாமவரின் தீர்ப்பும் அதைப் பின்பற்றி வந்ததுதான். அவர்கள் நிரபராதிகள் என்று அர்த்தமில்லை, தூக்கு கொடுத்தது தப்பு. இன்னொரு பக்கம் மகாராஷ்டிராவில் ஆறு பேர். 2009-ல் ஆறு பேருக்கும் தூக்கு என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம், 2019-ல் குற்றமே நிரூபணமாகவில்லை என்று விடுதலை செய்தது. அதற்குள் சிறையில் சுமார் 16 வருடம் போய்விட்டது.

அப்படி வெளியே வந்தவர்களுக்கு நஷ்ட ஈடு? (அருமனை)

தனிச் சட்டம் கிடையாது. மேலே சொன்ன ஆறு பேருக்கு ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது கோர்ட். 2018-ல் சட்ட ஆணையம் சட்டம் கேட்டு அறிக்கை கொடுத்தது, இன்னும் வரவில்லை.

கொன்றவனே போலீசில் ஒத்துக்கொண்டதாகப் பேப்பரில் வந்தது. அப்புறம் எதற்கு வருடக்கணக்கில் விசாரணை? (குளச்சல்)

எத்தனை தடவைதான் எழுதுவது! போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872 சட்டத்திலும் செல்லாது, இப்போதைய சாட்சியச் சட்டத்திலும் செல்லாது, ஏனென்றால் அடித்து வாங்கலாம் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரியும். மாஜிஸ்திரேட் முன்னால், சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று எச்சரித்த பிறகு, தானாகச் சொன்னால்தான் கணக்கு. ஒரு விலக்கு உண்டு: அவர் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால் அது சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். அதனால் அரிவாள் எடுத்த மகஜரை (பொருளைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவு) வரிவரியாக வாசிக்க வேண்டும். எத்தனை மணிக்கு எடுத்தார்கள், சாட்சிகள் எந்த ஊர், கையெழுத்து ரப்பர் தோட்டத்தில் போட்டதா ஸ்டேஷனில் போட்டதா? குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சி "ஸ்டேஷனில்தான் போட்டேன்" என்றால் வழக்கே ஆட்டம் காணும். அதைக் கேட்காத வக்கீல் கிடைத்தால் ஆள் தொலைந்தான்.

தடா போன்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களில் போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலமும் செல்லும் என்றார்கள். என்ன ஆனது? ராஜீவ் கொலை வழக்கில் 1998-ல் 26 பேருக்கும் தூக்கு, அடுத்த வருடமே உச்ச நீதிமன்றத்தில் 19 பேர் வெளியே. வெடிகுண்டுக்குப் பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகத் தண்டனை பெற்றவர் பேரறிவாளன். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் பதிவு செய்த அதிகாரியே 2013-ல் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022-ல்! டீக்கடையில் உட்கார்ந்து "அவனே ஒத்துக்கொண்டானே" என்று பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், சாட்சியாகக் கூப்பிட்டாலும் வாசிக்காமல் போடாதீர்கள்.

டி.என்.ஏ. பொருந்தினால் சந்தேகமே இல்லைதானே? (மார்த்தாண்டம்)

மாதிரியை எடுத்தது யார், யார் கையில் இருந்தது, எப்போது லேபுக்குப் போனது? 2011 சுருளி அருவி இரட்டைக் கொலையில் தேனி கோர்ட்டும் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையும் தூக்கு என்றன. 2025-ல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது, மாதிரிகளைக் கையாண்ட விதம் அதற்கு முக்கியக் காரணம். இனி 48 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான்.

திருவிதாங்கூர் காலத்தில் நம்மூரில் தூக்கே கிடையாது என்று தாத்தா சொல்வார். உண்மையா? (தோவாளை)

பாதி உண்மை. அதற்கு முன்னால் இருந்தது, 1944-ல்தான் கொலைக்குத் தூக்கை நிறுத்தினார்கள். இந்தியாவோடு சேர்ந்து இந்திய தண்டனைச் சட்டம் வந்தபோது தூக்கும் திரும்ப வந்தது.

தூக்கு கொடுத்தால் மதுரைக்குத் தானாகப் போகுமா, அப்பீல் போடணுமா? (கருங்கல்)

எந்தக் கோர்ட், என்றைக்குத் தீர்ப்பு என்று எழுதாமல் கேட்டால் எப்படி? உறுதிப்படுத்த ஹைகோர்ட்டுக்குத் தானாகப் போகும். ஆனாலும் 30 நாளுக்குள் தனி அப்பீல் போடுங்கள். தீர்ப்பு நகல் இலவசம், அன்றே கேட்டு வாங்குங்கள்.

மகனை ரிமாண்ட் செய்துவிட்டார்கள், வக்கீலுக்குப் பணமில்லை. (தக்கலை)

அம்மா, காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவியில் வருமான வரம்பே கிடையாது. தூக்கோ ஆயுளோ வரக்கூடிய வழக்கில் குறைந்தது 10 வருட அனுபவமுள்ள வக்கீலையும், தயாராகக் குறைந்தது ஒரு வாரமும் கொடுக்க வேண்டும் என்று 2019-லேயே தீர்ப்பு இருக்கிறது. நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலோடு நாளைக்கே போங்கள். மகனைப் பார்க்கும்போது, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று முதலில் சொல்லுங்கள்.